சாந்தி சௌந்தரராஜன்: தவறாக இடப்பட்ட ஒரு தலைப்பு

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் மெய்வல்லுநர் பயிற்சி நடைபெறும் மாலை வேளைகளில் என் தங்கையின் மகளை அழைத்துச் செல்வதும், இருட்டுவதற்கு முன் திரும்ப அழைத்து வருவதும் என் பொறுப்பு. அவள் ஓடுவது 800 மீற்றர். மைதானத்தை இரண்டு முறை சுற்றி வரும் அந்த ஓட்டத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வாவிப் பக்கமிருந்து காற்று வரும். பழைய பத்திரிகைக்காரனுக்கு அந்த ஒரு மணி நேரம் நல்ல ஓய்வு.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்: "மாமா, சாந்தி எண்டு இந்தியாவில ஒரு ஆள் 800 மீற்றர் ஓடினவவாமே. அவ என்ன சோதனையில தோத்துப் போனவ?"

கைத்தொலைபேசியில் எதையோ தேடப்போய் அந்தச் செய்தியைக் கண்டிருக்கிறாள். எங்கள் ஊரில் சோதனை என்றால் பரீட்சை. சாதாரண தரச் சோதனை, உயர்தரச் சோதனை என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். படிக்காமல் போனால் தோற்கலாம், அடுத்த வருடம் மீண்டும் எழுதலாம். அந்தப் பொருளில்தான் அவள் கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், அந்தச் சொல்லை அச்சில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

2006 ஆம் ஆண்டு நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்த ஆண்டு எத்தகையது என்பதைக் கிழக்கு மாகாணத்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஓகஸ்ட் மாத ஆரம்பத்தில் மூதூரில் சண்டை மூண்டது. திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதி மக்கள் ஈச்சிலம்பற்று வழியாக வாகரைக்கு இடம்பெயர்ந்து வந்தார்கள். ஓகஸ்ட் 14 ஆம் திகதி முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது குண்டு வீசப்பட்டது. அதே நாள் கொழும்பில் பாகிஸ்தான் தூதுவரின் வாகனத் தொடரைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. கிரிக்கெட் ஆட வந்திருந்த தென்னாபிரிக்க அணி ஆடாமலே நாடு திரும்பியது. ஆனால் நான்கே நாட்களில், ஓகஸ்ட் 18 ஆம் திகதி, பத்தாவது தெற்காசிய விளையாட்டு விழா அதே கொழும்பு நகரத்தில் தொடங்கியது.

எங்கள் பத்திரிகையின் முதற்பக்கத்தில் அகதிகள் நடந்துகொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் வீரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுகததாச விளையாட்டரங்கில் நடந்த மெய்வல்லுநர் போட்டிகளின் முடிவுகள் இரவு மேசைக்கு வந்தபோதுதான் அந்தப் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். பெண்களுக்கான 1500 மீற்றரில் தங்கம், 800 மீற்றரில் வெள்ளி: சாந்தி சௌந்தரராஜன், இந்தியா. தமிழ்ப் பெயர் என்பதால் ஒரு வரி கூடுதலாக எழுதினேன். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

தெரிந்துகொள்ள எவ்வளவோ இருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்ற சிறு கிராமத்தில் 1981 ஆம் ஆண்டு பிறந்தவர் சாந்தி. தலித் குடும்பம். தாயும் தந்தையும் செங்கற் சூளைத் தொழிலாளர்கள். சூளை வேலைக்காக அவர்கள் வெளியூர் போய்த் தங்கிவிடும் காலங்களில் தம்பி தங்கையர் நால்வரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்தவரான சாந்தியிடம் இருந்தது. ஓட்டத்தை அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. பள்ளிக்கூடப் போட்டிகளில் பெற்ற வெற்றி கல்லூரிக் கல்விக்கு உதவித்தொகை வாங்கித் தந்தது. கல்லூரி ஓட்டம் மாநில அளவிலும், பின்னர் தேசிய அளவிலும் கொண்டுபோய் விட்டது. 2005 ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் வல்லவர் போட்டியில் 800 மீற்றரில் அவர் வெள்ளி வென்றார். செங்கற் சூளையிலிருந்து ஆசியாவின் இரண்டாமிடம் வரையிலான தூரத்தை இரண்டு கால்களைத் தவிர வேறு சொத்து இல்லாத ஒரு பெண் ஓடிக் கடந்திருக்கிறார்.

கொழும்புப் போட்டிகள் முடிந்து மூன்றரை மாதங்களில் கட்டாரின் டோஹா நகரில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. டிசம்பர் 9 ஆம் திகதி பெண்களுக்கான 800 மீற்றர் இறுதிப் போட்டி. பஹ்ரெய்னின் மரியம் யூசுப் ஜமால் தங்கம் வென்றார். இரண்டாமிடத்துக்காக இருவர் கடைசி அடிவரை போராடினார்கள். சாந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் எல்லைக்கோட்டைக் கடந்தார். கசகஸ்தானின் விக்டோரியா யலொவ்ட்சேவா அவருக்கு 0.03 விநாடி பின்னால் வந்தார். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ ஒரு சாண் தூரம்.

மறுநாள் சாந்தி மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார். அந்த அறையில் இருந்தவர்கள் எவருக்கும் தமிழ் தெரியாது என்றும், தமக்கு நடப்பது என்னவென்று எவரும் விளக்கவில்லை என்றும் அவர் பின்னாளில் அளித்த பேட்டிகளில் கூறியிருக்கிறார். பிறகு ஊருக்கு அனுப்பப்பட்டார். சில நாட்களில் அந்தப் பரிசோதனையின் முடிவு ஊடகங்களுக்குக் கசிந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. அதன் பின்னர் அவர் சர்வதேசப் போட்டி எதிலும் ஓடவில்லை. அவருக்கு அப்போது வயது 25.

அந்தச் செய்தி எங்கள் மேசைக்கு வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாகரையிலிருந்து மக்கள் காடு வழியாக மட்டக்களப்புப் பக்கம் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. என் சொந்தக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம் என்ற பதற்றத்தில் நான் தொலைபேசியின் அருகிலேயே இருந்தேன். விளையாட்டுப் பக்கத்தில் ஒற்றைப் பத்தி இடம் காலியாக இருந்தது. செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்தியை எடுத்துப் பத்து நிமிடத்தில் மொழிபெயர்த்தேன். "பாலினச் சோதனையில் சாந்தி தோல்வி" என்று தலைப்பிட்டேன். பக்கம் போய்விட்டது. போர்க்காலத்து அவசரம் என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் போர் இல்லாத ஊர்களில் இருந்த பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதையேதான் செய்தன. சில அதைவிட மோசமாகவும் செய்தன.

தோல்வி என்ற சொல்லில் என்ன பிழை என்று கேட்கலாம். ஒருவர் முயன்று, முடியாமல் போனால் அது தோல்வி. ஏமாற்றிப் பிடிபட்டால் அது குற்றம். பிறந்தபோதே உடலில் அமைந்திருந்த ஒன்றைப் பிறர் கண்டுபிடித்துச் சொல்வது இவ்விரண்டிலும் சேராது. அதற்காக ஒருவர் படிக்கவும் முடியாது, பயிற்சி எடுக்கவும் முடியாது, மறுபடி எழுதவும் முடியாது. சாந்தி ஊக்கமருந்து உட்கொண்டார் என்று எவரும் சொல்லவில்லை. வேறொருவராக வேடம் போட்டு ஓடினார் என்றும் சொல்லவில்லை. பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்க்கப்பட்டார், பெண்ணாக ஓடினார். அவருடைய மருத்துவ அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்று ஊகித்து எழுதியவர்கள் பலர். அதை இங்கே திருப்பி எழுத நான் விரும்பவில்லை. அது அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் மட்டும் உரிய காகிதம்.

இந்த 800 மீற்றர் ஓட்டத்தின் வரலாற்றைப் பின்னாளில் ஆற அமரப் படித்தபோது ஒன்றைக் கண்டேன். பெண்களின் இந்த ஓட்டத்தைப் பத்திரிகைகள் காயப்படுத்தியது 2006 இல் முதல் தடவையாக நடந்ததல்ல.

1928 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மெய்வல்லுநர் போட்டிகள் அனுமதிக்கப்பட்டன. ஓகஸ்ட் 2 ஆம் திகதி நடந்த 800 மீற்றர் இறுதிப் போட்டியில் ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். ஜப்பானின் கினுயே ஹித்தோமி இரண்டாவதாக வந்தார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண் அவர். அந்தப் போட்டியைப் பற்றி எழுதிய செய்தியாளர்களில் ஒருவர், 11 பெண்கள் ஓடினார்கள், 5 பேர் பாதியில் நின்றார்கள், 5 பேர் எல்லைக்கோட்டைக் கடந்து மயங்கி விழுந்தார்கள் என்று எழுதினார். வேறு பலரும் பரிதாபக் காட்சி என்று வருணித்தார்கள். உண்மையில் அன்று ஓடியவர்கள் 9 பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். களைப்பில் சிலர் தரையில் சாய்ந்தார்கள் என்பது உண்மை. 800 மீற்றர் ஓடி முடித்த ஆண்களும் அப்படித்தான் சாய்கிறார்கள். வெபர் மைதானத்தில் எந்த மாலையிலும் அதைப் பார்க்கலாம்.

ஆனால் அச்சில் வந்தது நிலைத்துவிட்டது. பெண்களின் உடல் இவ்வளவு தூரத்தைத் தாங்காது என்று வாதிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்திகள் ஆதாரமாயின. அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து அந்த ஓட்டம் நீக்கப்பட்டது. மீண்டும் இடம்பெற்றது 1960 ஆம் ஆண்டு ரோம் நகரில். இடையில் 32 ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கும் மேலான பெண்கள் ஓடியிருக்க வேண்டிய ஒலிம்பிக் ஓட்டம் ஒருசில செய்தியாளர்களின் மிகையினால் இல்லாமற் போயிற்று. ஹித்தோமியும் ஒரு பத்திரிகைக்காரர்தான். ஒசாக்காவின் மைனிச்சி நாளிதழில் பணியாற்றியவர். 1931 ஆம் ஆண்டு, தாம் வெள்ளி வென்ற அதே ஓகஸ்ட் 2 ஆம் திகதி, நிமோனியாக் காய்ச்சலால் 24 வயதில் காலமானார்.

பாலினச் சோதனையின் வரலாறும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 100 மீற்றரை வென்ற அமெரிக்கர் ஹெலன் ஸ்டீபன்ஸ் உண்மையில் ஆண் என்று போலந்தில் செய்தி கிளம்பியது. அவர் பரிசோதிக்கப்பட்டுப் பெண்தான் என்று அறிவிக்கப்பட்டார். அவரிடம் தோற்று இரண்டாவதாக வந்தவர் போலந்தின் ஸ்டெல்லா வால்ஷ். 1980 இல் வால்ஷ் அமெரிக்காவில் ஒரு கொள்ளைச் சம்பவத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய உடலமைப்பு இரு பால்களுக்கும் இடைப்பட்டது என்று தெரியவந்தது. இறந்த பிறகும் அந்த உடலைப் பத்திரிகைகள் விடவில்லை.

1966 ஆம் ஆண்டு புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பிய வல்லவர் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நடக்க வைக்கப்பட்டார்கள். அந்த அவமானத்துக்கு எழுந்த எதிர்ப்பையடுத்து நிறமூர்த்தச் சோதனை வந்தது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலிருந்து அது நடைமுறையானது. பாடசாலையில் நாம் படித்ததெல்லாம் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஒரு வையும் என்பதுதான். பெரும்பாலோருக்கு அது பொருந்தும், எல்லோருக்கும் அல்ல. வை நிறமூர்த்தம் இருந்தும், ஆண் சுரப்புநீரை உடல் ஏற்றுக்கொள்ளாத காரணத்தால், பிறப்பிலிருந்தே பெண்ணாக அமைந்து பெண்ணாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக் குழாய்க்கு அது தெரிவதில்லை. அது எழுத்தைத்தான் வாசிக்கும்.

அவ்வாறு பிடிபட்டவர்களில் ஒருவர் ஸ்பெயினின் தடை தாண்டி ஓட்ட வீராங்கனை மரியா ஹொஸே மார்த்தினேஸ் பத்தின்யோ. 1985 இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் சோதனைக்குள்ளானார். நாடு திரும்பிய பின், காயம் என்று சொல்லி ஓட்டத்தை விட்டு ஒதுங்குமாறு அறிவுரை கூறப்பட்டபோதும் அவர் மறுத்து, ஓடி வென்றார். உடனே செய்தி வெளியில் கசிந்தது. உதவித்தொகை போயிற்று, சாதனைகள் அழிக்கப்பட்டன, நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணமும் போயிற்று. அவர் போராடினார். 1988 இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். 2005 இல், அதாவது டோஹாவுக்கு ஓராண்டுக்கு முன்னரே, தமக்கு நேர்ந்ததைத் தாமே ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார். அறிய விரும்பியவர்கள் அறிந்திருக்க முடியும்.

இன்னொரு தகவலும் முக்கியமானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 வீராங்கனைகளுக்கு இந்தச் சோதனை செய்யப்பட்டது. எட்டுப் பேரின் முடிவுகள் மாறுபட்டிருந்தன. மேலதிக ஆய்வுக்குப் பின் எட்டுப் பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்களை எவரும் தலைப்பில் போடவில்லை. எல்லோரையும் கட்டாயமாகச் சோதிக்கும் முறையை 1999 இல் ஒலிம்பிக் குழு கைவிட்டது. ஆனால் யார்மீதாவது சந்தேகம் எழுந்தால் அவரை மட்டும் சோதிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. டோஹாவில் சாந்தி அந்த வழியில் பிடிக்கப்பட்டார். அட்லாண்டாவின் எட்டுப் பேருக்குக் கிடைத்த மறைவும் மறுபரிசீலனையும் பத்தாண்டுகளுக்குப் பின் புதுக்கோட்டைப் பெண் ஒருவருக்குக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பிய சாந்தியைத் தமிழக அரசு கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதி அறிவித்த 15 இலட்சம் ரூபாய்ப் பரிசு, சர்ச்சைக்குப் பிறகும் திரும்பப் பெறப்படவில்லை. ஆனால் பரிசு வேறு, மானம் வேறு. 2007 செப்டெம்பரில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார் என்ற செய்தி வந்தது. அதையும் நாங்கள் ஒற்றைப் பத்தியில் போட்டோம்.

அதற்குப் பின் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஓட முடியாதவர் ஓடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி அளித்தார். பரிசுப் பணத்திலிருந்தும் அதற்காகச் செலவிட்டார். ஆனால் அரசுப் பயிற்றுநர் வேலை தற்காலிகமானதாகவும், சொற்பச் சம்பளத்துக்குரியதாகவுமே இருந்தது. 2012 இல் அவர் பெற்றோரைப் போலவே செங்கற் சூளையில் நாட்கூலிக்கு வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதின. நாட்கூலி 200 ரூபாய். அந்தச் செய்தி கிளப்பிய அதிர்ச்சியின் பின்னர்தான் பெங்களூரில் முறையான பயிற்றுநர் பட்டயப் படிப்புக்கு அவருக்கு வழி கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த கோபி சங்கர் போன்றவர்கள் அவருக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2016 இல் தமிழக அரசு அவரை நிரந்தரப் பயிற்றுநராக நியமித்தது. பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

ஒரு தலைப்பு அவரை வீழ்த்தியது. 2012 இல் வேறொரு தலைப்பு அவருக்குக் கைகொடுத்தது. அச்சுக்கு இரண்டு வலிமையும் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் என் தொழிலில் கண்டதில்லை.

சாந்திக்குப் பின் வந்தவர்களின் கதை வேறு விதமாக அமைந்தது. 2009 இல் பெர்லின் உலக வல்லவர் போட்டியில் தென்னாபிரிக்காவின் காஸ்டர் செமெனியா அதே 800 மீற்றரை 1 நிமிடம் 55.45 விநாடியில் வென்றார். அவர்மீதும் சோதனை பாய்ந்தது, செய்தியும் கசிந்தது. ஆனால் அவருடைய நாடு அவருக்குப் பின்னால் நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது. 2014 இல் இந்தியாவின் டுட்டி சந்த் தடுக்கப்பட்டபோது இந்திய விளையாட்டு ஆணையமே அவருடைய வழக்குக்குத் துணை நின்றது. 2015 இல் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதிகளை இடைநிறுத்தியது. சாந்திக்கு இல்லாமற் போனது இந்தத் துணைதான். வழக்காடலாம் என்று சொல்லக்கூட அன்று அவர் அருகில் யாரும் இருக்கவில்லை.

விதிகளைப் பற்றிய விவாதம் முடியவில்லை. ஆண் சுரப்புநீர் ஓட்டத்துக்கு உதவுகிறது, பெண்களுக்கென்று தனிப்பிரிவு இருப்பதே அதனால்தான், ஆகவே எல்லை வகுக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அது வெறும் காழ்ப்பு அல்ல. அதே தடத்தில் ஓடும் மற்றப் பெண்களின் நியாயமும் அதில் இருக்கிறது. இயற்கை தந்த உயரமும் நீண்ட கால்களும் அனுமதிக்கப்படும்போது இது மட்டும் ஏன் தடை என்று மறுசாரார் கேட்கிறார்கள். 2019 இல் செமெனியாவின் வழக்கில் நடுவர் மன்றம், விதி பாரபட்சமானதுதான் என்றாலும் தேவையானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கூறியது. அதே ஆண்டு செப்டெம்பரிலிருந்து உலக மெய்வல்லுநர் சங்கம் பெண்கள் பிரிவில் ஓடுவோர் எல்லோருக்கும் ஒருமுறை மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 1999 இல் கைவிடப்பட்ட கட்டாயம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்குத் தகுதியுள்ள துறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விதி எதுவாகவும் இருக்கட்டும். முடிவு அந்தப் பெண்ணிடம் அவருக்குப் புரியும் மொழியில் முதலில் சொல்லப்பட வேண்டும், பத்திரிகைக்கு அது போகக் கூடாது. போனாலும் பத்திரிகை அதை எப்படி எழுதுவது என்று யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டின் இன்னொரு 800 மீற்றர் வீராங்கனை கோமதி மாரிமுத்து 2019 இல் ஆசிய வல்லவர் போட்டியில் தங்கம் வென்று, பின்னர் தடை செய்யப்பட்ட மருந்துச் சோதனையில் அகப்பட்டு அதை இழந்தார். அந்தச் செய்தியிலும் பதக்கம் பறிப்பு என்றுதான் எழுதினோம். சாந்தியின் செய்தியிலும் அப்படியே எழுதினோம். இரண்டும் ஒன்றல்ல என்று வாசகருக்குச் சொல்வதற்கு எங்களிடம் சொற்கள் இருந்தன. தேடத்தான் இல்லை.

எண்களும் ஏதோ சொல்கின்றன. பெண்களுக்கான 800 மீற்றர் உலக சாதனை, செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா க்ராட்டோஹ்விலோவா 1983 இல் ஓடிய 1 நிமிடம் 53.28 விநாடி. சாந்தி டோஹாவில் ஓடியது அதைவிட ஏறத்தாழ 10 விநாடி பிந்திய நேரம். எவராலும் எட்ட முடியாத வேகம் எதையும் அவர் காட்டவில்லை. நல்ல வீராங்கனை ஒருவர், நல்ல நாள் ஒன்றில், நன்றாக ஓடிய நேரம் அது. 2023 ஒக்டோபர் 4 ஆம் திகதி சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு விழாவில் நம் நாட்டின் தருஷி கருணாரத்ன 800 மீற்றரில் தங்கம் வென்றார். 2002 இல் சுசந்திகாவும் தமயந்தியும் வென்ற பின் மெய்வல்லுநர் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் ஆசியத் தங்கம் என்பதால் நாடே கொண்டாடியது, நாங்களும் கொண்டாடினோம். தருஷியின் நேரம் 2 நிமிடம் 3.20 விநாடி. சாந்தி 17 ஆண்டுகளுக்கு முன் ஓடியதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 0.04 விநாடி. தருஷியின் வெற்றியில் எனக்கு மகிழ்ச்சியே தவிரக் குறை எதுவும் இல்லை. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது மனம் கனத்தது, அவ்வளவுதான்.

எங்கள் பகுதியில் பெண் பிள்ளையை ஓட்டத்துக்கு அனுப்புவது இன்றைக்கும் இலேசான காரியமல்ல. காற்சட்டை போட வேண்டும், இருட்டும் நேரத்தில் வீடு திரும்ப வேண்டும், உடம்பு முறுக்கேறிவிட்டால் நாளைக்கு யார் கல்யாணம் கட்டுவது என்று உறவினர் கேட்பார்கள். என் தங்கை வீட்டிலும் கேட்டார்கள். அப்படியான வீட்டுக்குள் 'சோதனை', 'தோல்வி' என்ற இரு சொற்களும் சேர்ந்து நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை 2006 இல் நான் யோசித்திருக்க வேண்டும். நான் எழுதிய ஒற்றைப் பத்தி புதுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் அதைப் போன்ற ஆயிரம் பத்திகள் சேர்ந்துதான் அந்தப் பெண்ணை வீட்டுக்குள் முடக்கின.

மருமகளுக்கு அன்று மாலை கல்லடிப் பாலத்தைக் கடந்து வீடு போய்ச் சேரும்வரை இதையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "அப்ப அவ தோக்கல்லத்தானே?" என்றாள். தோற்கவில்லை என்றேன். "பிறகேன் அப்பிடிப் போட்டிரிக்கி?" என்றாள். போட்டவர்களில் நானும் ஒருவன் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல் பயிற்சிக்கு வந்தாள்.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவது மரபு. நான் பணியாற்றிய நாளிதழில் அந்தத் திருத்தம் வரவில்லை; நான் கேட்கவும் இல்லை. காலம் கடந்துவிட்டாலும் அதை இங்கே எழுதி வைக்கிறேன். செய்தி இப்படி வந்திருக்க வேண்டும்:

2006 டிசம்பர் 9 ஆம் திகதி டோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவின் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்தார்.